தண்ணீரைத் தள்ளுவது யார்?

குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் பாய்கிறது. அதைத் தள்ளுவது யார் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா, தோழியரே? அடையாற்றில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுப் புல்தரைதான் அதை எங்களுக்குக் கற்பித்தது.

அவளுடைய தாத்தா நான்கு சுழல் தெளிப்பான்களை வாங்கி, மொட்டைமாடித் தொட்டியோடு இணைத்திருந்தார். அவை சுழலவே இல்லை. நீர் காலடியிலேயே வழிந்தது. "இதைவிடப் பெரிய தொட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்றார் தாத்தா.

எங்களுக்கு அறிவியல் பாடம் நினைவுக்கு வந்தது. நீரின் அழுத்தம் தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததன்று. நீர்மட்டத்தின் உயரத்தையே பொறுத்தது. 10 மீட்டர் உயர நீர், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1 கிலோ எடைபோல அழுத்தும். அந்தத் தொட்டியின் நீர்மட்டமோ தரையிலிருந்து 8 மீட்டர். ஆகவே அழுத்தம் 0.8 கிலோதான். புல்தரைத் தெளிப்பான்கள் பலவற்றுக்கு 2 கிலோவாவது வேண்டும். அதற்குத் தொட்டி 20 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டுமே!

மேலும், நீர் ஓடும்போது குழாயின் உராய்வு அழுத்தத்தில் ஒரு பங்கை விழுங்குகிறது. ஓட்டத்தைப் பாதியாக்கினால் அந்த இழப்பு ஏறத்தாழ கால் பங்காகும். எனவே இரண்டு தெளிப்பான்களை மூடினோம். மற்ற இரண்டும் மெல்லச் சுழன்றன. ஆனால் நீர் தூரம் எட்டவில்லை.

அடுத்து, சம்ப்பிலிருந்து மோட்டார் மூலம் நேரே நீர் விடப்பட்டது. இப்போது அழுத்தம் மிகுந்து, நீர் புகைபோலச் சிதறியது. கடற்காற்று அதை மதிலுக்கு அப்பால் கொண்டுபோயிற்று! பிளம்பர் அண்ணன், மோட்டாரிலிருந்து சம்ப்புக்கே திரும்பும் கிளைக்குழாய் ஒன்றை வால்வுடன் பொருத்தினார். வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க, துளிகள் பருத்தன. ஒரே அளவு டப்பாக்களைப் புல்லில் பரப்பி, கால்மணி நேரம் கழித்து அளந்தோம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் சம அளவு நீர்!

பின்பு கணக்கிட்டோம். 100 சதுர மீட்டர் புல்லுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்றால் 500 லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் ரயில் வந்தது. அப்போது கீழ்வகுப்புச் சிறுமியரான நாங்கள் அம்மாவுடன் குடமேந்தி லாரிக்குக் காத்து நின்றோம்.

கணக்கைக் கேட்ட தாத்தா சற்று நேரம் பேசவில்லை. மறுவாரம் புல்தரையைப் பாதியாக்கி, மீதியில் வேம்பும் செம்பருத்தியும் நட்டார். இன்று இரண்டு தெளிப்பான்களே போதுமானவையாக இருக்கின்றன. அழுத்தத்தைச் சீராக்கக் கற்ற நாங்கள், அளவோடு செலவிடவும் கற்றோம்.