கைமாறிய கைப்பேசி

நுழையும்முன்

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிந்தவர்கள் நம் முன்னோர். சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், யார் வீட்டு மாடு என்று விசாரித்தார்கள். புதிய பொருளுக்கு விலை ஒன்றே கேள்வி. ஒருவரிடம் இருந்து வந்த பொருளுக்கோ விலையோடு வரலாறும் கேட்க வேண்டியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பழைய கைப்பேசி ஒன்றின் வரலாற்றைக் கேட்கத் தவறிய ஆசிரியர் ஒருவரின் பட்டறிவு இங்கு உரைநடையாகிறது.

என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. செய்யாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் தனியே வாழ்கிறார். நாற்று நட்டும் களை பறித்தும் காய்த்துப்போன விரல்கள் அவருடையவை. சென்னையில் பணியாற்றும் நான், முகம் பார்த்துப் பேசலாம் என்னும் ஆசையால் அவருக்குத் திறன்பேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அவ்விரல்களைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை. தொடுதிரை அழுத்தத்தால் இயங்குவதன்று. மனிதத் தோலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குவது. காய்த்து வறண்ட விரலைப் பல நேரங்களில் அது விரலாகவே மதிப்பதில்லை. நான் அழைப்பேன், அவர் பச்சை வட்டத்தைத் தள்ளுவார், வட்டம் நகராது, மணி அடித்து ஓய்ந்துவிடும்.

ஐப்பசி மழையில் ஓரிரவு அவர் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். கைப்பேசி மடியில்தான் இருந்தது. ஈரக் கையால் எவ்வளவு தேய்த்தும் திரை பணியவில்லை. ஊர்ந்து வந்து திண்ணையில் கிடந்தவரை விடியற்காலையில் பால்காரர்தாம் கண்டார். எலும்பு முறியவில்லை என்பது எங்கள் நல்லூழ். மறுநாள் ஓடிச்சென்ற என்னிடம் அவர் சொன்னது இவ்வளவே: “அமுக்குனா டக்குனு கேக்குமே, முன்ன வச்சிருந்தேனே, அந்த போன் வாங்கிக் குடுப்பா. அது போதும்.”

அவர் குறிப்பிட்டது நோக்கியா 1100 என்னும் கைப்பேசியை. பல்லாண்டு பயன்படுத்திய அதனை ஒருநாள் கிணற்றில் தவறவிட்டிருந்தார். 2003இல் வெளிவந்த அவ்வகைக் கைப்பேசி உலகெங்கும் இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்றது. அதில் படம் எடுக்க இயலாது, இணையம் இல்லை, வண்ணத்திரையும் இல்லை. தூசி புகாத விசைப்பரப்பும், வியர்த்த கையிலிருந்து வழுக்காத பக்கங்களும், தலைப்பகுதியில் சிறு மின்விளக்கும் இருந்தன. மின்வெட்டு மிகுந்த, புழுதி நிறைந்த ஊர்களை எண்ணி வடிவமைக்கப்பட்டது அது. ஐந்தாம் எண் விசையின் மீதுள்ள சிறு மேடு, பார்வையற்றோரும் விரலால் எண்களை இனங்கண்டுகொள்ள உதவுவது. புதிய பொத்தான் கைப்பேசிகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. ஆயினும் என் தாயாரின் விரல்கள் மனப்பாடம் செய்திருந்தது பழையதன் விசைகளையே. அவ்வகை இன்று உற்பத்தியில் இல்லை. ஆகவே பழைய பொருளையே தேட வேண்டியதாயிற்று.

சென்னை அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெரு, வானொலி உதிரிப்பாகங்களால் பெயர்பெற்றுப் பின்னர்க் கணினிக்கும் கைப்பேசிக்கும் சந்தையானது. அங்கும் அதனைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தட்டுகளில் குவித்து வைக்கப்பட்டிருக்கும் பழைய கைப்பேசிகளைக் காணும்போது எனக்கு வேறொரு நினைவும் எழுவதுண்டு. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலையில் நம் மாவட்டங்களின் சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் பணிசெய்தனர். மின்கலத்தைக் கழற்றினால் அதன் அடியில் ‘இந்தியாவில் செய்யப்பட்டது’ என்னும் ஒட்டுத்தாள் சிலவற்றில் தெரியும். யார் கை பூட்டியதோ, யார் கை பேசியதோ!

நடைபாதைக் கடை ஒன்றில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. விளக்கு எரிந்தது; விசைகள் ஒலித்தன. மகிழ்ச்சியில் விலைச்சீட்டுக் கேட்கவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அதனை இயக்கிப் பெயர்ப்பட்டியலைத் திறந்தபோதுதான் உள்ளம் துணுக்குற்றது. முன்னவர் எதையும் அழிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளில் தமிழ்ப் பெயர்கள் நாற்பதுக்கும் மேல் இருந்தன. கம்பிக்கடை, செங்கல் லாரி, சித்தாள் ஒருவர், பெரம்பூர் மாடிவீட்டு ஐயா, சாரம் கட்டுபவர், வங்கி, மருத்துவச்சி, வீடு. பட்டியலைப் படிக்கப் படிக்க முகம் தெரியாத கொத்தனார் ஒருவரின் வாழ்க்கை என் முன் எழுந்தது. விற்க எண்ணிய ஒருவர் தம் பிழைப்பையே இப்படி உள்ளே விட்டுவிட்டா விற்பார்?

‘வீடு’ என்றிருந்த எண்ணை என் கைப்பேசியிலிருந்து அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். செய்தியைச் சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அது எங்க வீட்டுக்காரரு போனுங்க. பஸ்ல போயிடுச்சு. ஒன்றரை மாசம் ஆச்சு” என்றார்.

அடுத்த ஞாயிறன்று அக்கொத்தனார் என் வீட்டுக்கு வந்தார். கைப்பேசியைக் கையில் வாங்கியவர் முதலில் அதை இயக்கவில்லை. பின்மூடியில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்தார். வேலை கொடுப்பவர்களின் எண்கள் அனைத்தும் அதில் மட்டுமே இருந்தனவாம். அவர்கள் அழைத்து, பதில் கிடைக்காமல், வேறு ஆளை வைத்துக்கொண்டார்களாம். “போன் போனா வேற வாங்கிக்கலாம் சார். நம்பர் போச்சே, அதை எந்தக் கடையில வாங்குறது?” என்றார். ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். நான் பெற்றுக்கொள்ளவில்லை; கேட்காமல் வாங்கியதற்கு அது நான் செலுத்திய தண்டம். கடைக்காரரிடம் சென்று கேட்டபோது, மூட்டையாக எடைக்கு வாங்கியதில் ஒன்று என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

இங்கே சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ ஒன்றைத் தீய எண்ணத்தோடு வாங்குவதும் வைத்திருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். பெயர்ப்பட்டியலைப் பார்த்த பின்னும் அதை அழித்துவிட்டு என் தாயாரிடம் கொடுத்திருந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் தகுதியை நான் இழந்திருப்பேன்.

இரண்டாம் முறை சந்தைக்குச் சென்றபோது மாடு வாங்குபவரைப்போலச் சென்றேன். ஒவ்வொரு கைப்பேசிக்கும் பதினைந்து இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். மின்கலத்தின் அடியிலுள்ள ஒட்டுத்தாளிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும். முதல் கடையில் ஒட்டுத்தாள் சுரண்டப்பட்டிருந்தது, அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். இரண்டாம் கடையில் எண்கள் பொருந்தின. KYM என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை — கே, ஒய், எம் — தட்டி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்த நிறுவனத்தின் எவ்வகைக் கைப்பேசி என்பது மறுமொழியாக வரும். தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையத்தளத்திலும் இதனை அறியலாம். கைப்பேசியைத் தொலைத்தவர் காவல் நிலையத்தில் முறையிட்டு அத்தளத்தில் பதிந்தால், அந்த எண்ணுடைய கைப்பேசி நாட்டின் எந்த வலையமைப்பிலும் இயங்காதவாறு முடக்கப்படுகிறது. ஆகவே மறுமொழியில் ‘தடைப்பட்டியலில் உள்ளது’ என்றோ ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள எண்’ என்றோ வருமானால், விலை எவ்வளவு மலிவாயினும் அது நமக்கானதன்று. நம் கொத்தனார்க்கு இந்த வழி தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும், அடையாள எண்ணை எங்கேனும் குறித்து வைத்திருந்தால்தானே பதிவு செய்ய முடியும்?

மின்கலத்தை மேசைமீது படுக்க வைத்துச் சுழற்றிப் பார்த்தேன். பம்பரம்போலச் சுழன்றால் வயிறு வீங்கியிருக்கிறது என்று பொருள்; வீங்கிய மின்கலம் தீப்பற்றக்கூடும். அது சுழன்றது. வேறொன்று கேட்டுப் பெற்றேன். எண்விசைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். அக்கடையிலிருந்தே வீட்டுக்குப் பேசி, இருபுறமும் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்தேன். மின்னேற்றியின் முனையில் சிறிது தடுமாற்றம் ஏற்பட்டது. பழைய கைப்பேசிகளில் தடித்த ஊசிமுனை, மெல்லிய ஊசிமுனை என இருவகை உண்டு, ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பூட்டுக் குறியெண்ணைக் கேட்டறிந்து, உள்ளிருந்த பழைய பதிவுகளைக் கடைக்காரர் முன்னிலையிலேயே அழிக்கச் செய்தேன். அடையாள எண்ணை எழுதி, கையொப்பமிட்ட விலைச்சீட்டையும் பெற்றேன். “ஐந்நூறு ரூபா போனுக்கு இவ்வளவா சார்?” என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானதை நான் கடைசியில்தான் எண்ணினேன். இவ்வகைக் கைப்பேசி 2ஜி எனப்படும் இரண்டாம் தலைமுறை அலைவரிசையில் மட்டுமே இயங்குவது. 2016இல் 4ஜி நுட்பத்தோடு சேவை தொடங்கிய ஜியோவின் வலையமைப்பில் 2ஜி இல்லை. அதன் சிம் அட்டை இதில் பயன்படாது. தாயாரின் ஊரில் எந்த நிறுவனத்தின் 2ஜி அலை நன்கு கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டறிந்து, அவர் பெயரிலேயே, அவர் அடையாளச் சான்றைக் கொண்டே சிம் அட்டை வாங்கினோம். பிறர் பெயரிலுள்ள அட்டையை வாங்கிப் பயன்படுத்துதல் கூடாது. இன்றைய மிகச் சிறிய அட்டையைப் பழைய கைப்பேசியில் பொருத்த, அதனைச் சுற்றியுள்ள நெகிழிச் சட்டத்தைப் பிரிக்காமல் பெரிய அளவிலேயே செருக வேண்டும். இளைஞர் ஒருவர் பழக்கத்தால் அதைப் பிரித்துவிட, மீண்டும் சட்டத்தில் அமர்த்துவதற்குள் அரைமணி நேரம் கழிந்தது.

தெரிந்து தெளிவோம்

எளிய கைப்பேசியில் ஆங்கிலத்தில் 160 குறிகள் கொண்ட செய்தியை ஒரே குறுஞ்செய்தியாக அனுப்பலாம். தமிழில் அனுப்பினால் 70 குறிகளே இடம்பெறும். ஒருங்குறி முறையில் தமிழெழுத்துக்குக் கூடுதல் இடம் தேவைப்படுவதே காரணம். மேலும், ‘தமிழ்’ என்பது இலக்கணப்படி மூன்றெழுத்து. கணினிக் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. தமிழ் எழுத்துரு இல்லாத பழைய கைப்பேசிகளில் தமிழ்ச் செய்தி வெறும் கட்டங்களாகத் தோன்றும்.

கைப்பேசி இப்போது என் தாயாரின் சுருக்குப்பையில் இருக்கிறது. இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் நான், மூன்றாம் எண்ணில் தங்கை, நான்கில் பால்காரர். இருட்டிலும் ஐந்தாம் விசையின் மேட்டைத் தடவி, அங்கிருந்து விரலை மேலே நகர்த்தி இரண்டைக் கண்டுபிடித்துவிடுகிறார். கொல்லைப்புறம் செல்லும்போது அதன் விளக்கு முன்னே செல்கிறது. ஒருமுறை மின்னேற்றினால் நான்கு நாள் வருகிறது. குறை இல்லாமல் இல்லை. பேசுவது சில நிமிடங்களே ஆயினும், இணைப்பு உயிரோடிருக்க ஆண்டு முழுதும் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அத்தொகை கைப்பேசியின் விலையைவிடப் பெரிது. பேரப்பிள்ளைகளின் முகமும் அதில் தெரிவதில்லை. இதுபற்றி அவருக்கு வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாத அவர் குறுஞ்செய்திகளை வகைப்படுத்த ஒரு முறையை வகுத்துக்கொண்டிருக்கிறார். “கட்டம் கட்டமா வந்தா கவர்மெண்டு, ஏபிசிடியா வந்தா பேங்கு.” பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. சென்ற மாதம் யாரோ ஒருவர் அழைத்து, வங்கியிலிருந்து பேசுவதாகவும், வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுமாறும் கேட்டிருக்கிறார். எளிய கைப்பேசியில் தீய செயலிகள் நுழைவதற்கு வழியில்லையே தவிர, ஏமாற்றும் குரல் நுழைய வழி உண்டு. அத்தகைய அழைப்பால் பணம் இழந்தவர்கள் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம் என்று நான் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். அதற்குத் தேவை ஏற்படவில்லை. “எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. என் புள்ள வாத்தியாரு, நேர்ல வந்து அவன்கிட்ட கேட்டுக்க” என்று சொல்லி, சிவப்பு விசையை அழுத்திவிட்டாராம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசிகளின் அடையாள எண்களைக் கண்டறிந்து, பெற்றோரிடம் கொடுத்துப் பாதுகாப்பான குறிப்பேட்டில் எழுதி வைக்கச் செய்க.

2. கைப்பேசியைத் தொலைத்த கொத்தனார் காவல் நிலையத்திற்கு எழுதுவதாகக் கருதி, முறையீட்டு மடல் ஒன்று வரைக.

3. பாடத்தில் பேச்சுவழக்கில் அமைந்த தொடர்களை எடுத்தெழுதி எழுத்துவழக்கிற்கு மாற்றுக. மாற்றியபின் எவற்றில் சுவை குறைகிறது என்று வகுப்பில் கலந்துரையாடுக.