துரத்தாத படகில் ஏறுங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது. டால்பின் என்றால் உயிர். இந்த வருஷம் இலங்கைக்குப் போய்க் கற்பிட்டியில் அவளுக்கு டால்பின் காட்டலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மே மாத விடுமுறையில் போவதா, அரையாண்டு விடுமுறையில் போவதா? ஒரு வீடியோவில் படகிலிருந்து குதித்து டால்பின் கூட்டத்துக்கு நடுவே நீந்துகிறார்கள். மகள் அதையேதான் கேட்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. ஸ்நார்க்கலிங் செய்ய நீச்சல் கட்டாயமா? கூட வரும் மாமியாருக்கு 64 வயது, பிரஷர் உண்டு. அவரைப் படகில் ஏற்றலாமா?

– ஒரு வாசகி, மதுரை

பதில்: மே மாதம் வேண்டாம். கற்பிட்டி இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளம் கடலேரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலம். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் எழுந்தால் அக்டோபர் வரை அந்தக் கடல் அடங்காது. நவம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் அங்கே காலம். எனவே அரையாண்டு விடுமுறை உங்களுக்குப் பொருந்தும். டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை சில நாள் குறுக்கிடலாம், தண்ணீரும் கொஞ்சம் கலங்கலாக இருக்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் நீர் இன்னும் தெளியும். பள்ளிக்கூடம் விடாதே, என்ன செய்வது. டால்பின் பார்க்க டிசம்பர் போதும்.

மே விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்றால் கற்பிட்டியை மறந்துவிட்டுக் கிழக்குக் கரைக்குப் போங்கள். திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாவது மே முதல் செப்டம்பர் வரை. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புறாத் தீவு இருக்கிறது. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். முழங்கால் அளவு நீரிலிருந்தே பவளப்பாறை தொடங்கிவிடும். பொதுவாக ஆளுக்குத் தீங்கு செய்யாத, கறுப்பு நுனித் துடுப்புள்ள சிறு சுறாக்கள் கரையோரம் சுற்றித் திரியும். ஸ்நார்க்கலிங் மட்டும் என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் உங்கள் மகள் கேட்பது டால்பின் ஆயிற்றே.

கற்பிட்டியில் நீங்கள் பார்க்கப்போவது ஸ்பின்னர் டால்பின் என்ற இனம். ஆறேழு அடி நீளம், மெலிந்த நீண்ட மூக்கு. உடம்பில் மூன்று நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும்: முதுகு கருஞ்சாம்பல், விலா வெளிர்சாம்பல், வயிறு வெள்ளை. நீரைவிட்டு எழும்பி, விழுவதற்குள் தன் அச்சிலேயே பல சுற்றுச் சுற்றிவிடும். ஏன் சுற்றுகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. உடம்பில் ஒட்டிக்கொண்ட ஒட்டு மீனை உதற என்பார்கள். விழும் ஓசையால் தூரத்தில் உள்ள கூட்டாளிகளுக்குத் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்க என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். நூற்றுக்கணக்கில் கூடித் திரியும் இனம் இது. சில காலைகளில் கூட்டம் ஆயிரத்தைத் தொடும். கரையிலிருந்து வெகுதூரம் போகாமலே இவ்வளவையும் பார்க்க முடிவதற்குக் காரணம், கண்டத் திட்டின் விளிம்பு அங்கே கரைக்குப் பக்கத்தில் வருவதுதான். அந்த விளிம்பைத் தாண்டினால் ஆழ்கடல். ஆழ்கடலில்தான் இவற்றின் சாப்பாடு.

சாப்பாட்டு நேரத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் மகளின் ஆசைக்கான பதிலும் கிடைத்துவிடும். பகலில் ஆழத்தில் கிடக்கும் சிறு மீன்களும் கணவாய்களும் இறால்களும் இருட்டியதும் மேலே ஏறி வரும். ஸ்பின்னர் டால்பின் இரவெல்லாம் அவற்றைத் துரத்தித் தின்னும். விடிந்த பிறகு கூட்டம் சேர்ந்து திரியும், விளையாடும், குட்டிக்குப் பால் கொடுக்கும், ஓய்வெடுக்கும். ஓய்வு என்றாலும் நம்மைப்போல் நினைவிழந்து தூங்க அவற்றால் முடியாது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதனால் மூளையின் ஒரு பாதி உறங்க, மறு பாதி விழித்திருக்க, மெல்ல நீந்திக்கொண்டே இருக்கும். நாம் படகில் போய்ச் சேருவது அந்த நேரத்தில்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் நம் வருகை. ஒரு நாள் தட்டினால் பரவாயில்லை. பருவம் முழுக்க, தினமும் காலையில், படகு படகாகப் போய்த் தட்டினால்?

இது ஏற்கெனவே நடந்த விஷயம். ஹவாய்த் தீவுகளில் இதே இனம் காலையில் ஆழமில்லாத குடாக்களுக்கு ஓய்வெடுக்க வரும். சுற்றுலாக்காரர்கள் அங்கேயே போய்க் குதித்தார்கள். அவற்றின் ஓய்வு கெடுகிறது என்பதற்காகவே 2021-இல் அமெரிக்க அரசு அங்குள்ள கரையோரக் கடலில் ஸ்பின்னர் டால்பின்களோடு நீந்தவும், 50 கெஜத்துக்குள் நெருங்கவும் தடை போட்டது. இலங்கையிலும் டால்பின் சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு. கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கென்றே 2012-இல் தனி விதிகள் கொண்டுவரப்பட்டன. ஆகவே படகிலிருந்து டால்பின் கூட்டத்துக்குள் குதிப்பது வேண்டாம். யாராவது ஆசை காட்டினாலும் வேண்டாம். குதித்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆள் நீரில் விழுந்த சத்தம் கேட்டதும் கூட்டம் விலகிப் போய்விடும். கீழே நீல இருட்டு மட்டும் மிஞ்சும். பக்கத்துப் படகின் இன்ஜின் விசிறி எங்கே சுற்றுகிறது என்பதும் தெரியாது.

படகில் உட்கார்ந்தே மிக நெருக்கமாகப் பார்க்கலாம் என்று மகளிடம் சொல்லுங்கள். வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. படகு மெதுவாக, ஒரே திசையில், திடீர்த் திருப்பம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் டால்பின்கள் தாமாகவே பக்கத்தில் வரும். படகின் மூக்குத் தள்ளும் நீரில் ஏறிச் சவாரி செய்வது அவற்றுக்குப் பிடிக்கும். அப்போது விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால், கை எட்டும் தூரத்துக்குச் சற்றுக் கீழே ஐந்தாறு டால்பின்கள் வாலை அதிகம் அசைக்காமலே வந்துகொண்டிருக்கும். ஒன்று பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும். தலை மேலுள்ள துளை திறந்து, புஸ் என்று மூச்சு வெளியே வந்து, துளை மூடுவதற்குள் அடுத்த மூச்சு உள்ளே போயிருக்கும். அந்தத் துளி முகத்தில் தெறிக்கும். மீன் வாடை அடிக்கும். தாயின் விலாவை ஒட்டியபடி குட்டி வந்தால், தாய் எழும் அதே நொடியில் அதுவும் எழுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டால் சில நேரம் படகின் அடிப்பலகை வழியாகவே அவற்றின் சீழ்க்கை கேட்கும். எதையும் தொடக் கூடாது, எதையும் தின்னப் போடக் கூடாது.

இதெல்லாம் அமையுமா என்பது பெரும்பாலும் படகோட்டியின் கையில் இருப்பதாகத் தோன்றும். என் அனுபவத்தில் அது பயணியின் கையில்தான் இருக்கிறது. துரத்தாதே என்று சொன்னால் துரத்தாத படகோட்டிகள்தான் அங்கே அதிகம். கடலில் வளர்ந்தவர்கள் அவர்கள், டால்பின் எப்போது சலித்துப்போகிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் காசு கொடுத்தவர் "இன்னும் கிட்டே போ, முன்னால் போய் மறி" என்று எழுந்து நின்று கூவும்போது படகோட்டி என்ன செய்வார்? நாளைய வருமானம் இன்றைய பயணியின் நல்ல வார்த்தையில் இருக்கிறதே. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே, கரையில் நின்று, இரண்டே வாக்கியத்தில் பேசிவிடுங்கள்: "எங்களுக்குக் கிட்டே போக வேண்டாம், டால்பின் தானாக வந்தால் போதும். ஒன்றுகூட வராவிட்டாலும் நாங்கள் கொடுப்பதில் குறை வராது." இதைச் சொன்னபின் அவர் படகு ஓட்டும் விதமே மாறுவதைப் பார்ப்பீர்கள். கற்பிட்டியில் தமிழ் நன்றாகவே பேசுவார்கள், மொழிச் சிக்கல் வராது.

கூட்டத்தின் பக்கவாட்டில், அதே திசையில், கூட்டம் போகும் வேகத்துக்கு மேல் போகாமல் செல்வதுதான் முறை. குறுக்கே வெட்டிக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கக் கூடாது. டால்பின்கள் அடிக்கடி திசை மாற்றினால், மூழ்கியவை நெடுநேரம் மேலே வராமல் இருந்தால், குட்டிகளை நடுவில் வைத்து நெருங்கிக்கொண்டால், போதும் கிளம்பலாம் என்று அர்த்தம். ஏற்கெனவே நாலைந்து படகு சூழ்ந்திருந்தால் கொஞ்சம் தள்ளிக் காத்திருக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் பார்த்தால் நிறைவாகப் பார்த்த மாதிரிதான்.

நீரில் இறங்கும் ஆசையைப் பவளப்பாறையில் தீர்த்துக்கொள்ளலாம். கற்பிட்டிக்கு வெளியே பார் ரீஃப் என்ற பெரிய பவளத் திட்டு இருக்கிறது. சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1992-இல் கடல் சரணாலயமானது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1998-இல் கடல் சூடேறியபோது அங்கே பவளம் வெளுத்துப் பெருமளவு செத்தது. மெல்லத் தேறி வந்தது. 2016-இல் மறுபடியும் வெளுத்தது. அதனால் விளம்பரப் படத்தில் உள்ள வண்ணக்காட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாம்பல் நிறத்தில் உடைந்து கிடக்கும் பழைய கிளைகளையும், அவற்றின் மேல் புதிதாக முளைத்த உள்ளங்கை அகலப் பவளத்தையும் சேர்த்தே பார்ப்பீர்கள். மீன்களுக்குக் குறைவில்லை. கிளிமீன் பாறையைக் கடிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் நீருக்குள் காதில் விழும். கடித்த சுண்ணாம்பைத்தான் அது பிறகு வெண்மணலாக வெளியே விடுகிறது. பவளம் உயிருள்ளது என்று எத்தனை முறை பாடத்தில் படித்தாலும் ஏறாதது மகளுக்கு அங்கே ஏறும். அதன் மேல் கால் வைத்து நிற்கக் கூடாது என்பதும் சொல்லாமலே புரியும். மூரை என்ற கடல் முள்ளெலியின் முள்ளும் கல்மீன் முள்ளும் காலில் ஏறினால் தாங்க முடியாத வலி என்பது இன்னொரு காரணம்.

நீச்சல் கட்டாயமா என்று கேட்டீர்கள். லைஃப் ஜாக்கெட் போட்டு, பக்கத்தில் வழிகாட்டி இருந்தால் நீச்சல் தெரியாதவரும் மிதந்தபடி பார்க்கலாம். தெரியாமல் போனால் திணறவைப்பது மூச்சுதான். நீரில் முகம் வைத்ததும் உடம்பு மூக்கால் இழுக்கப் பார்க்கும், வாயால் விடுவது பழகியிருக்காது. பதற்றத்தில் மூச்சு சிறிது சிறிதாக ஓடும், குழாயில் உள்ள பழைய காற்றையே மறுபடி இழுப்போம், தலை சுற்றும். ஆகவே ஊரிலேயே ஒரு மாஸ்க்கும் குழாயும் வாங்கிப் பழகுங்கள். ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, முகத்தை அமிழ்த்தி, வாயால் ஆழமாக, மெதுவாக இழுத்து முழுவதும் விட வேண்டும். பத்து நிமிஷம் சாவகாசமாக இருக்க முடிகிறவரை பழகிவிட்டு, பிறகு நீச்சல்குளத்தில் இடுப்பளவு நீரில் செய்து பாருங்கள். குழாயில் தண்ணீர் புகுந்தால் ஒரே ஊதலில் வெளியே தள்ளவும் அங்கேயே பழக வேண்டும்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க வாரைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் அளவு. ஒரு முடி இடையில் சிக்கினாலும் நீர் கசியும், அதனால் நெற்றிமுடியை ஒதுக்கிக் கட்டுங்கள். மகளுக்குச் சிறுவர் அளவுதான் வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க் கேளுங்கள், மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாஸ்க் உட்காராது. முகம் முழுவதும் மூடும் வகை உங்களுக்கு வேண்டாம். உள்ளே நீர் புகுந்தால் சட்டென்று கழற்றுவது கஷ்டம். உடைக்குக் கையும் காலும் மூடிய, உடலோடு ஒட்டிய பனியனும் லெக்கிங்ஸும் போதும். சுடிதார் துப்பட்டாவைப் படகிலேகூடப் போட வேண்டாம். உடம்பு மூடியிருந்தால் சன்ஸ்கிரீனும் அதிகம் தேவைப்படாது. பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை 2021 முதல் ஹவாய் நிறுத்திவிட்டது. வாங்கும்போது லேபிளில் அந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமியார் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: கரையிலேயே இருக்கட்டும். கற்பிட்டிப் படகுகள் திறந்த ஃபைபர் படகுகள். நிழல் இருக்காது, கழிப்பறை கிடையாது, மூன்று மணி நேரம் இறங்க வழியில்லை. அலையில் படகு குதித்து விழும்போது முதுகெலும்பில்தான் அடி விழும், முன்பக்கம் உட்கார்ந்தவருக்கு இன்னும் மோசம். அவர் ஆசைப்பட்டே தீருவார் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, அலை இல்லாத நாளில், இன்ஜினுக்கு அருகே பின்பக்கம் உட்காரவையுங்கள். நீரில் இறக்க வேண்டாம். கழுத்தளவு நீரில் உடம்பு இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடும், குழாய் வழியாக மூச்சிழுப்பதும் கூடுதல் உழைப்பு. பிரஷர் உள்ளவர்களுக்கு இரண்டும் ஒத்துவராது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகத்தான் கற்பிட்டிக்குப் போவீர்கள். சிலாபத்தின் அருகே முன்னேஸ்வரம் சிவன் கோவில் இருக்கிறது. மாமியாருக்காக அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், இந்தப் பயணத்தில் அவருக்கும் ஒரு பங்கு வேண்டுமே.

கடலுக்குக் காலை ஏழு மணிக்கு முன்பாகவே கிளம்பப் பாருங்கள். நேரம் ஏற ஏறக் காற்று எழும். குமட்டல் வருபவர்கள் மாத்திரையைப் படகேறிய பிறகு போட்டுப் பலனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். எது, எவ்வளவு என்பதை மகளுக்கு மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், இரண்டு இட்லி அளவுக்குச் சாப்பிட்டால் சரி. தங்குமிடத்தை இரண்டு இரவுக்குப் பதிலாக மூன்று இரவுக்கு எடுங்கள், முதல் விடியலிலேயே கடலுக்குப் போகத் திட்டமிடுங்கள். அன்று படகோட்டி கடலைப் பார்த்துவிட்டு "இன்றைக்கு வேண்டாம்" என்றால் வற்புறுத்தாதீர்கள். மறுநாள் காலை உங்கள் கையில் இருக்கும்.