லாச்சியில் தெரியாத இலாபம்

"வருடம் முழுக்க ஓடினேன். கையில் என்ன மிஞ்சியது?"

சிறு வியாபாரத்தில் கால் வைத்திருக்கும் எமது இளைஞர்கள் பலரிடமிருந்து கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானது. வியாபாரம் செய்பவன் இலாபத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்த ஒரு கேள்வியை மாத்திரம் கேட்டுவிட்டு, அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்தே "நான் தோற்றுவிட்டேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றோமே, அங்கேதான் தவறு தொடங்குகின்றது.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். உக்குவளையில் வீட்டோடு சேர்ந்த ஒரு சிறிய அறையில் அரைக்கும் இயந்திரம் ஒன்றைப் போட்டு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகுத்தூள் என்பவற்றைப் பக்கற் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார். ஒரு நாள் மாத்தளைப் பக்கம், மறுநாள் வத்தேகமப் பக்கம் என்று மோட்டார் சைக்கிளில் அலைகிறார். இவர் நாம் கற்பனையில் அமைத்துக்கொண்ட மனிதர்தான். என்றாலும் இவரைப் போன்ற ஒருவர் உங்கள் குடும்பத்திலோ உங்கள் தெருவிலோ நிச்சயம் இருப்பார்.

இரண்டு வருட முடிவில் கணக்குப் பார்க்கிறார். இயந்திரத்தின் தவணைப் பணம், மின்கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் போக லாச்சியில் எதுவும் இல்லை. கூடப் படித்தவர் கட்டாரிலிருந்து வந்து மாடி வீட்டுக்கு அத்திவாரம் போடுகிறார். "மகன், நீயும் போனால் என்ன?" என்று உம்மா கேட்கிறார். இயந்திரத்தை விற்றுவிடுவதென்று முடிவெடுக்கிறார்.

அந்த இடத்தில் அவரை நிறுத்தி, "இரண்டு வருடத்துக்கு முன்னர் எத்தனை கடைகளுக்குச் சரக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நான்கு என்பார். இன்று? பத்தொன்பது. அவற்றில் எத்தனை கடைக்காரர்கள் தாமாகவே தொலைபேசியில் அழைத்துச் சரக்குக் கேட்கிறார்கள்? பதினொரு பேர். முதல் வருட மழை காலத்தில் பூஞ்சணம் பிடித்துக் கொட்டிய சரக்கு எவ்வளவு? பத்துக் கிலோ. இரண்டாம் வருடத்தில்? ஒரு கிலோவும் இல்லை. நன்றாகக் காயவைக்கவும் காற்றுப் புகாமல் பக்கற் செய்யவும் கற்றுக்கொண்டுவிட்டார்.

இவற்றில் எதுவும் லாச்சியில் இல்லை. ஆகவே எதுவும் அவரது கண்ணில் படவில்லை. இன்று இயந்திரத்தை விற்றால் இயந்திரத்தின் விலை கிடைக்கும். அந்தப் பதினொரு கடைக்காரர்களின் நம்பிக்கையை யார் விலைக்கு வாங்குவார்?

ஏன் எமது கண்ணில் படுவதில்லை?

முதலாவது காரணம், நாம் முடிவை மாத்திரமே அளக்கின்றோம். சொந்தக் கடை, வாகனம், வங்கி மீதி ஆகிய மூன்றும் வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி. இடையில் இருக்கும் நூறு படிகளுக்கு எமது பேச்சு வழக்கில் பெயரே இல்லை.

இரண்டாவது காரணம், நாம் மற்றவரைக் கொண்டு எம்மை அளக்கின்றோம். அக்குறணை நகரில் மூன்று தலைமுறையாக நடக்கும் கடையைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு வருடத்துக் கடையை நொந்துகொள்கின்றோம். அவர்களது முதல் இரண்டு வருடங்களை நாம் கண்டதில்லை.

மூன்றாவது காரணம் மனித மனத்தின் இயல்பு. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வொன்று பொருளியல் உலகில் பெரிதும் பேசப்பட்டது. ஒரு தொகையை இழக்கும்போது ஏற்படும் வலி, அதே தொகையைப் பெறும்போது உண்டாகும் மகிழ்ச்சியை விட அதிகம் என்பது அதில் முக்கியமான ஒரு கருத்தாகும். கானமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. ஆயிரம் ரூபா நட்டம் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கின்றது. ஆயிரம் ரூபா இலாபமோ அஸருக்கு முன்னரே மறந்து போகின்றது. ஆகவே ஒருவர் எழுதி வைக்காமல் ஞாபகத்தை மாத்திரம் நம்பினால், அவரது ஞாபகம் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

அமெரிக்காவின் ஹாவர்ட் வர்த்தகக் கல்லூரிப் பேராசிரியை தெரேசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் இந்த விடயத்தை வேலைத் தளங்களில் ஆராய்ந்தார்கள். ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரிடம் ஒவ்வொரு நாள் வேலையின் முடிவிலும் நாட்குறிப்பு எழுதும்படி கேட்டு, ஏறத்தாழ 12,000 குறிப்புகளைத் திரட்டினார்கள். 2011இல் வெளியான அவர்களது முடிவுகள் கவனத்துக்குரியவை. மனநிலை மிக நன்றாக இருந்த நாட்களில் 76 சதவீதமானவை, வேலையில் ஏதாவது ஒரு முன்னேற்றம் ஏற்பட்ட நாட்களாகும். அந்த முன்னேற்றம் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சிறிய அடி ஒன்று முன்னே வைத்தாலும் மறுநாள் வேலைக்கு வேண்டிய தென்பை அது தந்தது.

எமது காணிகள் கற்றுத்தரும் பாடம்

ஹாவர்ட் வரை போகத் தேவையில்லை. மாத்தளை மாவட்டத்தில் பிறந்த எமக்கு மிளகுக் கொடியே போதுமான ஆசிரியர்.

மிளகை நட்டவர் அடுத்த வருடமே கூடையோடு போய் நிற்பதில்லை. நட்டு மூன்றாவது வருடமளவில்தான் காய்க்கத் தொடங்கும். அதுவரை களை பிடுங்க வேண்டும், கொடியைத் தாங்குமரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், நிழலை வெட்டிவிட வேண்டும், வேரடியில் தழை போட வேண்டும். அந்தக் காலத்தில் ஒருவர் வந்து "எத்தனை கிலோ கிடைத்தது?" என்று கேட்டால் நாம் சிரிப்போம். கொடி எத்தனை கணு ஏறியிருக்கின்றது என்றுதான் காணிக்காரர் பார்ப்பார். சாதிக்காய்க்கு இதைவிட நீண்ட பொறுமை வேண்டும்.

காய்த்த பின்னரும் சுமார் மூன்று கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால்தான் ஒரு கிலோ உலர்ந்த மிளகு கிடைக்கும். மற்ற இரண்டு கிலோவும் தொலைந்துவிட்டது என்று யாரும் அழுவதில்லை. அதுதான் இந்தத் தொழிலின் கணக்கு.

காணியில் இவ்வளவு விளக்கத்தோடு நடக்கும் நாம், கடை என்று வந்தவுடன் நட்ட மறுமாதமே காயைத் தேடுகின்றோம்.

55 பந்துகளுக்கு ஒரு விக்கட்

எமது அயல் மாவட்டமான கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனை அறியாதவர் இல்லை. 1992 ஆகஸ்டில் கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார். 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய இறுதிப் போட்டியில் 800ஆவது விக்கட்டை வீழ்த்தினார். மொத்தம் 133 டெஸ்ட் போட்டிகள்.

800 என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காக அவர் எத்தனை பந்துகள் வீசினார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 44,039 பந்துகள். அதாவது ஒரு விக்கட்டுக்குச் சராசரியாக 55 பந்துகள். உலகில் எவரும் எட்டாத சாதனையைச் செய்தவருக்கே 43,000க்கும் மேற்பட்ட பந்துகளில் விக்கட் கிடைக்கவில்லை!

அந்தப் பந்துகள் எல்லாம் தோல்வியா? இல்லை. துடுப்பாட்டக்காரரின் கால் எங்கே நகர்கின்றது, ஆடுகளத்தில் பந்து எவ்வளவு திரும்புகின்றது என்பதையெல்லாம் அவருக்குக் காட்டிக் கொடுத்தவை அவைதான்.

பத்துக் கடைகளுக்கு ஏறி இறங்கி, இரண்டு கடைகளில் மாத்திரம் சரக்குக் கொடுத்துவிட்டு வரும் இளைஞர் "இன்று எட்டுத் தோல்வி" என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது. எட்டுப் பேர் ஏன் வேண்டாம் என்றார்கள்? விலையா, பக்கற்றின் அளவா, ஏற்கனவே வேறொருவர் கொடுக்கிறாரா? இந்தப் பதில்களோடு வீடு வந்தால் அந்த எட்டுப் படலைகளும் வீண் போகவில்லை.

எண்ணத் தகுந்த அடி எது?

இங்கே ஒரு கேள்வி எழும். "அப்படியானால் செய்வதையெல்லாம் வெற்றி என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வதா?" நிச்சயமாக இல்லை. ஓர் அடியை முன்னேற்றமாக எண்ணுவதற்கு முன்னர் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

1. அது எனது கையில் இருந்ததா? சந்தை விலை ஏறியதால் கிடைத்த இலாபம் மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் அது எனது முயற்சியின் அளவுகோல் அல்ல.

2. அதனை எண்ணிக் காட்ட முடியுமா? "நன்றாக உழைத்தேன்" என்பது கணக்கு அல்ல. "பழைய கடன் மூன்றை வசூலித்தேன்" என்பது கணக்கு.

3. அது நான் போக வேண்டிய இடத்துக்குக் கிட்ட என்னைக் கொண்டு செல்கின்றதா?

மூன்றாவதில் கூடிய கவனம் தேவை. மேலே நாம் பார்த்த இளைஞர் நான்கு கடைகளிலிருந்து பத்தொன்பதாக வளர்ந்தார். ஆனால் அந்தப் பத்தொன்பதும் கடனுக்குச் சரக்கு எடுத்து இரண்டு மாதம் இழுத்தடித்தால் அது முன்னேற்றமல்ல. அவரது முதல் பிறரின் றாக்கைகளில் தூங்குகின்றது என்பதே அர்த்தம். லாச்சி வெறுமையாக இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அவர் எண்ண வேண்டியது கடைகளின் தொகையை அல்ல. மறுமுறை கேட்டெடுத்த கடைகளையும், குறித்த நாளில் பணம் தந்த கடைகளையுமே.

ஒரு கொப்பி போதும்

இதற்குக் கணினியோ கணக்காளரோ தேவையில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். கடை பூட்டியதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி நான்கு வரிகள் எழுதுங்கள்.

- இன்று நான் எடுத்த முயற்சி என்ன?
- அதனால் கிடைத்தது என்ன?
- கற்றுக்கொண்டது என்ன?
- நாளை முதலாவதாகச் செய்ய வேண்டியது என்ன?

வியாழன் இரவு அந்த வாரத்தின் வரிகளைத் திரும்ப வாசியுங்கள். மாத முடிவில் விற்பனை, வசூல், செலவு என்ற மூன்று தொகைகளை அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முன்பக்கம் உங்கள் முயற்சியைச் சொல்லும். பின்பக்கம் உங்கள் வியாபாரத்தின் உண்மை நிலையைச் சொல்லும். ஒன்றை விட்டு மற்றதை மாத்திரம் வாசிக்க வேண்டாம்.

முன்பக்கத்தில் நல்ல வரிகள் நிறைந்திருந்தும் பின்பக்கத்தில் மாதத்துக்கு மாதம் நட்டமே தெரிந்தால், வழியை மாற்ற வேண்டும். ஆறு மாதம் என்றோ ஒரு வருடம் என்றோ முன்கூட்டியே எல்லை ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அந்த எல்லை வந்தும் நிலை திருந்தாவிட்டால், எவருக்கும் கடன் வைக்காமல் கௌரவமாகக் கடையை மூடுவதும் ஒரு சாதனையே. அதன் பின்னர் வெளிநாடு போனாலும் தோற்று ஓடியவராகப் போவதில்லை. தொழில் கற்றவராகப் போகிறார்.

சில வருடங்களில் நின்ற இடத்திலேயே நிற்பதுகூட முன்னேற்றம்தான். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். எரிபொருளுக்கு வரிசை, மின்வெட்டு, சரக்கு விலை காலையில் ஒன்று மாலையில் ஒன்று. அந்த வருடத்தில் கடையைப் பூட்டாமல் காத்தவர்கள் "ஒன்றும் மிஞ்சவில்லை" என்று சொன்னார்கள். கடை மிஞ்சியதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மற்றவரின் அடியையும் காணுங்கள்

அமபிலேயும் கிரேமரும் 669 முகாமையாளர்களிடம், ஊழியரை ஊக்குவிப்பவை எனப் பொதுவாகக் கூறப்படும் ஐந்து விடயங்களை வரிசைப்படுத்தும்படி கேட்டார்கள். முன்னேற்றத்துக்குக் கைகொடுப்பதை முதலிடத்தில் வைத்தவர்கள் 5 சதவீதத்தினரே! எமது முதலாளிமாரும் இதற்கு விதிவிலக்கல்ல. கடைப் பையன் நிறுவையில் பிழை விட்டால் உடனே சத்தம் போடுகின்றோம். ஒரு மாதம் பிழையில்லாமல் நிறுத்தால் வாய் திறப்பதில்லை.

வீடுகளிலும் இதே கதைதான். தையல் இயந்திரத்தோடு அல்லது உணவுப் பொதியோடு குடும்ப வருமானத்துக்குத் தோள் கொடுக்கும் பெண்களின் உழைப்பை "சும்மா கைச்செலவுக்கு" என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகின்றோம். முதலாவது வாடிக்கையாளர் இரண்டாம் தடவை வந்த நாளை அந்தப் பெண் மறந்திருக்க மாட்டார். அதைக் கேட்பதற்கு வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலின் சிறப்பை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றோம். பள்ளிவாசலில் கேட்டதைக் கடைக்கும் கொண்டுவருவோம்.

இன்றிரவு கடை பூட்டியதும் லாச்சியை எண்ணுங்கள். எண்ணி முடிந்ததும் கொப்பியைத் திறந்து முதலாவது நான்கு வரிகளையும் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து "கையில் என்ன மிஞ்சியது?" என்று யாரும் கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் இரண்டு பதில்கள் இருக்கும்.