தஹான் ஏறியாச்சு, அடுத்து பனிமலையா?



குனோங் நுவாங் ஏறி இறங்கிய களைப்பில், நம் குழுத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, தஹான் முடிச்சாச்சு. கினாபாலுவும் ரெண்டு தடவை போயாச்சு. அடுத்து நேப்பாளத்துல ஐலண்ட் பீக் ஏறலாமா?"

ஏறலாம். எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலில் கால்வைத்த மலேசியர்கள், 1997 மே 23-இல், எம். மகேந்திரனும் என். மோகன்தாசும்தானே! நம்ம பிள்ளைகளுக்கு முடியாததா? ஆனால், "ஏறலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பது கீழே வரும்.

ஐலண்ட் பீக்கின் நேப்பாளப் பெயர் இம்ஜா ட்செ. உயரம் சுமார் 6,160 மீட்டருக்கு மேல். 1953-இல் எவரெஸ்ட் ஏற வந்த பிரிட்டிஷ் குழுவினர் பயிற்சிக்காக ஏறிய மலை இது. டென்சிங் நோர்கேவும் அந்தக் குழுவில் இருந்தார். ஆக, பயிற்சி மலை என்ற பெயர் அதற்குப் பொருந்தும். சுலபமான மலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாம் பழகிய மலையில் கால் பலமும் மூச்சும் இருந்தால் போதும். வேர், சேறு, அட்டை எல்லாம் நமக்குத் தூசு. பனிமலையில் உங்கள் கால் நேராகத் தரையைத் தொடாது. காலணிக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். வழக்கம்போல கால்களை ஒட்டி வைத்து நடந்தால், ஒரு முள் மறுகாலின் பேண்டில் மாட்டும், விழுவீர்கள். அதனால் கால்களைச் சற்று அகட்டி, முட்கள் முழுவதும் பனியில் பதியும்படி வைக்க வேண்டும்.

சரிவில் வழுக்கி விழுந்தால் பனிக்கோடரிதான் உயிர். ஒரு கை கோடரியின் தலையிலும் மறு கை காம்பின் அடியிலும் இருக்க, குப்புறத் திரும்பி, நெஞ்சின் எடை முழுவதையும் கோடரி மூக்கின் மேல் அழுத்த வேண்டும். இங்கேதான் ஹைக்கர்கள் தவறுவார்கள். விழும்போது காலை ஊன்றி நிற்கப் பார்ப்பது நமக்குப் பழக்கம். கிராம்பான் போட்டுக்கொண்டு அப்படி ஊன்றினால், முள் பனியில் மாட்டி உடம்பைத் தலைகீழாகப் புரட்டிவிடும். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தூக்கிக்கொள்ளணும். பழகிய பழக்கத்தை உடம்பு மறக்க பல தடவை விழுந்து பார்க்க வேண்டும், அதுவும் கீழே ஆபத்தில்லாத சரிவில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது.

கயிற்று வேலையை இங்கேயே கற்கலாம். பத்துமலையைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைகளில் பாறையேறுபவர்களைப் பார்த்திருப்பீர்களே! இடுப்புவார் கட்டுவது, முடிச்சுப் போடுவது, கயிற்றில் இறங்குவது எல்லாம் அங்கே பழகலாம். ஐலண்ட் பீக்கின் உச்சிக்குக் கீழே செங்குத்தான பனிச்சுவர் உண்டு. அங்கே கட்டியிருக்கும் கயிற்றில் ஜூமார் கருவியை மாட்டி ஏறுவோம்; அது மேலே நகரும், கீழே வழுக்காது. கயிற்றை இறுக்கிய இடம் வரும்போது, பாதுகாப்புக் கொக்கியை முதலில் அடுத்த கயிற்றில் மாட்டிவிட்டுத்தான் ஜூமாரைக் கழற்ற வேண்டும். எந்த நொடியிலும் ஒன்றாவது கயிற்றில் இருக்கணும். இதை வீட்டுக் கதவுப் பிடியில் கயிறு கட்டி, தடித்த கையுறை போட்டு, விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். மலையில் அதிகாலை இருட்டில், விரல் மரத்துப்போயிருக்கும்போதுதான் அதைச் செய்யப் போகிறீர்கள்.

பனியை மட்டும் இங்கே கற்க முடியாது. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்றக் கழகமும், உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றக் கழகமும் ஏறக்குறைய நான்கு வார அடிப்படைப் பயிற்சி தருகின்றன. நான்கு வாரம் லீவு கிடைக்காது என்பீர்கள். நேப்பாளத்தில் வழிகாட்டியோடு போகும் பயணங்களில் ஓரிரு நாள் பயிற்சி தருவார்கள். அது ஞாபகப்படுத்தத்தான் போதும், புதிதாகக் கற்கப் போதாது என்பது என் கருத்து.

இனி காற்று. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். கினாபாலு 4,095 மீட்டர். இரண்டே நாளில் ஏறி இறங்கிவிடுகிறோம். உடம்பு முறையிடுவதற்குள் கீழே வந்துவிடுவதால், நமக்கு உயரம் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். உடல் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேகமாக நடக்கிறவன்தான் சீக்கிரம் மாட்டிக்கொள்வான்.

மாட்டிக்கொண்டவன் நான். 5,000 மீட்டரை ஒட்டிய முகாமில் மதியத்திலிருந்தே தலை வெடித்தது. வழிகாட்டி கேட்டார், "தலை வலிக்குதா?" "இல்லை" என்றேன். சாப்பாடு இறங்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல், ஒரு பாதத்தின் குதிகாலை மறுபாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சாய்ந்தேன். தடுமாற்றம் வந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம், அதற்கு மருந்தை நம்பி அங்கேயே காத்திருக்கக்கூடாது, உடனே இறங்க வேண்டும். அந்த இரவே இறக்கினார். தனியாக அனுப்ப முடியாதென்று என் நண்பரும் கூட வந்தார். மூன்று ஆண்டு காசு சேர்த்து வந்தவர். வானம் அன்று ரொம்பத் தெளிவாக இருந்தது. அவர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மதியமே நான் உண்மையைச் சொல்லியிருந்தால், பகலிலேயே ஒரு போர்ட்டரோடு என்னை இறக்கிவிட்டு அவர் மேலே போயிருப்பார்.

ஆகவே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு உச்சி எட்டாவிட்டால் திரும்புவீர்கள்? ஒருவர் இறங்கினால் மற்றவர்களோடு யார் போவார்? இந்த இரண்டுக்கும் "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது தடித்த கையுறையும் ஐந்து மீட்டர் கயிறும் கொண்டுவாருங்கள். முன்னதாக, உங்களோடு மலை ஏறுபவரிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: "எனக்கு முடியலைன்னு நான் சொல்லாமலே உனக்கு எப்படித் தெரியும்?" அவர் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.