சீனி கார்டு போட்ட தம்பி, தங்கச்சிமாருக்கு

பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரிகளில் மருந்து கொடுத்தே என் காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடுவதாயில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் புதிதாகக் கிளினிக் கார்டு போட்டவர்கள் பஸ் ஏறி நேரே என் வீட்டு இஸ்தோப்புக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "டாக்டரையா, இனிச் சாகுமட்டும் குளிசைதானா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாம் வகை நீரிழிவு என்று அண்மையில் சொல்லப்பட்ட அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பல வருஷமாக இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

1. சாகுமட்டும் குளிசை என்பது எல்லோருக்கும் எழுதி வைத்த விதி இல்லை. 2017 கடைசியில் 'டைரெக்ட்' என்றொரு ஆய்வின் முடிவு வந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ரோய் டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் நடத்தியது. ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்தின் வடகிழக்கிலும் குடும்ப வைத்தியரிடம் மருந்தெடுக்கும் 306 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் நோய் கண்டு ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், உடம்பு பெருத்தவர்கள். பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளைக்கு 825 முதல் 853 கலோரிதான் சாப்பாடு, அதுவும் கரைத்துக் குடிக்கிற மா. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பாதியில் 46 வீதமானவர்களுக்குக் குளிசையே இல்லாமல் சீனி கட்டுக்குள் நின்றது. வழக்கமான வைத்தியத்தில் விட்டவர்களிடம் அது 4 வீதம். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 வீதம்.

இதற்கு வைத்தியர்கள் 2021இல் ஒரு அளவுகோலும் வைத்துவிட்டார்கள். சீனிக் குளிசைகளையெல்லாம் நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகு, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைச் சேர்த்துக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி சோதனை 6.5க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது என்று கணக்கு. சுகமாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. நீங்களும் கோயிலில் சிதறு தேங்காய் உடைத்து ஊருக்கு அறிவிக்க வேண்டாம்.

2. "நான் மெலிஞ்ச ஆள்தானே, எனக்கு எதைக் குறைக்கிறது?" என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளில்லை. ஒல்லியான கை, ஒல்லியான கால், நடுவில் மட்டும் சின்னதாக ஒரு தொப்பை. அந்தச் சின்னத் தொப்பைதான் விஷயமே.

2004இல் லான்செட் சஞ்சிகையில் இரண்டு வைத்தியர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் பூனாவைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யூட்கின். உயரத்துக்கு எடையைக் கணக்குப் பார்க்கிற பி.எம்.ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் யூட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். யாஜ்னிக்கின் உடல்வாகுதான் நம் பக்கத்து ஆட்களுக்கும். போதாததற்கு, நம் பிள்ளைகள் எடை குறைவாகப் பிறந்து வளர்த்தி குன்றியே வளர்கிறார்கள். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைத் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். கருவிலும் குழந்தையிலும் வாடிய உடம்பு, பிற்காலத்தில் கொஞ்சம் சதை போட்டாலும் தாங்குவதில்லை.

மெலிந்த ஆட்கள் எடை குறைத்தால் என்னவாகும் என்பதையும் ரோய் டெய்லர் சோதித்துப் பார்த்தார். பருமனில்லாத 20 நோயாளிகளை எடுத்து எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார். 14 பேருக்கு நோய் தணிந்தது. 15 கிலோவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒரு கொழுப்பு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் சீனி ஏறும் என்பது அவர் சொல்லும் காரணம். 60 கிலோ உள்ளவர் ஆறு கிலோவைக் குறிவைத்துத் தொடங்கினால் போதும்.

அளந்து பார்க்க மெஷின் வேண்டாம். ஒரு பாவாடை நாடாவை எடுங்கள். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுத்து ஏமாற்றக்கூடாது. இரண்டு முனையும் முட்டாவிட்டால் குறைக்க வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம். நாடாவைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

3. "ராவைக்குச் சாப்பிடாமத்தான் படுத்தேன், விடியக்காலைச் சோதனையில எப்படி 180?" என்று பலர் கேட்பார்கள். அந்தச் சீனியை ஊற்றுவது உங்கள் ஈரல். கொழுந்து கூடிப்போன நாளில் ஸ்டோருக்குள் வாட்ட இடமில்லாமல் வாசலெல்லாம் சாக்குச் சாக்காகக் கிடக்குமே, அப்படித்தான் கொழுப்பு தோலுக்கடியில் அடங்காமல் ஈரலில் சேர்கிறது, அங்கிருந்து கணையத்துக்கும் போகிறது. கொழுத்த ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது, இரவெல்லாம் சீனியை விட்டுக்கொண்டே இருக்கும். டெய்லரின் 2011ஆம் ஆண்டு ஆய்வில் 11 பேர் எட்டு வாரம் நாளைக்கு 600 கலோரியோடு இருந்தார்கள். வெறும் வயிற்றுச் சீனி ஏழே நாளில் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. கணையம் தேற எட்டு வாரம் பிடித்தது. நோய் பழசாகப் பழசாகக் கணையம் தேறுவது கடினம். அதனால்தான் கார்டு போட்ட புதிதிலேயே உங்களைப் பிடித்து உட்கார வைக்கிறேன்.

4. யார் இந்த எடை குறைப்பில் இறங்கக்கூடாது? கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், முதலாம் வகை நீரிழிவுக்காரர், சிறுநீரகம் பழுதானவர். இன்னொரு கூட்டம் உண்டு: ஒன்றும் செய்யாமலே எடை விழுகிறவர்கள். அது நல்ல சேதி இல்லை. சீனி கண்டபடி ஏறியிருக்கலாம், காசநோயாக இருக்கலாம், கணையத்தில் கல்லாகவும் இருக்கலாம். அவர்கள் என் இஸ்தோப்புக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

5. குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு சாப்பாட்டைப் பாதியாக்கவும் செய்யாதீர்கள். மெட்ஃபோமின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் என்றால் ரொட்டியைக் குறைத்த அன்றைக்கே சீனி இறங்கிப் போகலாம். கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும், கண் இருட்டும். சரிவான மலையில், கூடை முதுகில் இருக்கும்போது இது வந்தால் ஆளே உருண்டுவிடும். எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை போடுகிறவர்கள் பட்டினி கிடப்பது வேறுவிதத்தில் ஆபத்து. பிரஷர் குளிசையின் பழைய அளவும் எடை குறையக் குறைய உடம்புக்குக் கூடிப்போகும். ஆகவே கிளினிக் டாக்டரிடம், "நான் சாப்பாட்டைக் குறைத்து எடை குறைக்கப்போகிறேன், குளிசையை எப்படி மாற்றுவது?" என்று கேளுங்கள். தமிழில் சொல்லத் தயக்கமென்றால் சிங்களம் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கண்ணையும் ஒருமுறை காட்டுங்கள். விழித்திரையில் ஏற்கெனவே பழுதிருந்தால், சீனி திடீரென்று இறங்குவது அதைக் கொஞ்ச காலம் கூட்டிவிடக்கூடும்.

6. இனி ரொட்டி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

கிளினிக்கில் கொடுக்கும் தாளில் ஓட்ஸ் என்று இருக்கும், சலாது என்று இருக்கும். ஐந்து மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்கு ஓடுகிற பொம்பளைக்கு அது எந்த ஊர்ச் சாப்பாடு? ரொட்டி ஏன் தோட்டத்தில் நிலைத்தது என்று எனக்குத் தெரியும். கடதாசியில் சுற்றி மலைக்குக் கொண்டு போகலாம். கெட்டுப் போகாது. கட்டச் சம்பல் இருந்தால் கறி வேண்டாம். நாட்சம்பளத்தில் வயிற்றை நிரப்ப மாவை விட மலிவு எதுவுமில்லை. ரொட்டி தின்கிறவர்களை ஏசுகிற படித்தவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். கால் கிலோ கோதுமை மாவில் கிட்டத்தட்ட 900 கலோரி. தடித்த ரொட்டியாகத் தட்டினால் இரண்டோ மூன்றோ வரும், துருவிப் போடும் தேங்காய் வேறு. அந்த ஸ்கொட்லாந்து ஆட்கள் ஒரு முழு நாளைக்கு விழுங்கியதைவிட இது கூட. நாமோ இதைக் காலையும் மத்தியானமும் தின்றுவிட்டு, ராத்திரி சோறும் தின்கிறோம்.

மலையேறி வேலை செய்கிறவர்கள் 850 கலோரிக்கு இறங்க வேண்டாம். ஆய்வில் கரைத்துக் குடித்த அந்த மாப் பைக்கற்றுகளும் நமக்குக் கட்டுப்படியாகாது. மெதுவாகக் குறைத்தால் போதும். ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து மாவையும் சோற்றையும் எடுத்துவிடுங்கள், அதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பதிலுக்குப் பருப்பைக் கெட்டியாக வைத்து ஒரு கோப்பை, அதோடு மரக்கறி எவ்வளவு வேண்டுமானாலும். வெலிமடையும் பண்டாரவளையும் பக்கத்தில் இருக்கையில் நமக்கென்ன குறை? போஞ்சி, கோவா, நோக்கோல், லீக்ஸ் எல்லாம் சந்தையில் மாலையானால் விலை இறங்கும். லயத்துப் பின்பக்கம் வல்லாரையும் பொன்னாங்காணியும் சும்மா முளைக்கும். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்கில் வராது, அவை சோற்றுக் கணக்கு. காலையில் அவித்த கடலையோ கௌபியோ ஒரு கோப்பை, முடிந்தால் ஒரு முட்டை. மத்தியானத்துக்கு ஒரே ஒரு ரொட்டி, உள்ளங்கை அகலத்தில், மெல்லியதாக. கூட நெத்தலிக் கருவாட்டுப் பிரட்டலும் கீரைச் சுண்டலும் இருக்கட்டும்.

குரக்கனைப் பற்றிக் கேட்பீர்கள். மொனராகலைப் பக்கத்துக் குரக்கன் நல்ல தானியம், நார் இருக்கிறது. ஆனால் அதுவும் மாதான். குரக்கன் என்பதற்காக நாலு ரொட்டி தின்றால் சீனி ஏறத்தான் செய்யும். சிவப்பரிசியும் அப்படியே.

7. தேத்தண்ணியில் சீனி வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. உள்ளங்கையில் சீனி வைத்துக்கொண்டு ஒரு மிடறு, ஒரு நக்கு என்று குடிக்கிற பழக்கமும் வேண்டாம். பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனி காய்ச்சுவது நம் ஊவா மாகாணத்தில்தான், அதற்காக நாமே தின்று தீர்க்க வேண்டுமா? ஆனைக்கொய்யா காய்க்கும் காலத்தில் அதில் சீனியும் டின்பாலும் போட்டுப் பிசைவதை நிறுத்துங்கள், உப்பும் தேசிக்காயும் போட்டுப் பாருங்கள். சோடாப் போத்தல்களில் 2016இலிருந்து சீனிக்கு நிறம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு வட்டம் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் நிறம் தெரியும்.

8. சாராயம், கசிப்பு: விடுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

9. "நாங்க மலையில படுற பாட்டுக்கு உடற்பயிற்சி வேறயா?" என்பார்கள். வேண்டாம்தான். எடையை இறக்குவது வாய், கால் இல்லை. இறக்கிய எடையைத் திரும்ப ஏறாமல் பிடிப்பதற்குத்தான் நடை உதவும். நான் பயப்படுவது மலையை விட்டவர்களைப் பற்றி. பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து சுமந்த காலத்தில் தின்ற அதே அளவு ரொட்டியை, வேலையிலிருந்து நின்று டீவி முன்னால் உட்கார்ந்த பிறகும் தின்கிறவர்கள். முச்சக்கர வண்டி ஓட்டுகிற, கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைகளும் அந்தக் கணக்குத்தான்.

10. பாகற்காய்ச் சாறு, கோதல ஹிம்புட்டு மரக்கோப்பைத் தண்ணி என்று வருவார் போவாரெல்லாம் சொல்வார்கள். கோதல ஹிம்புட்டு குடித்தால் எச்.பி.ஏ.வன்.சி கொஞ்சம் இறங்குகிறது என்று இலங்கையிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இருக்கட்டும். ஈரலில் உள்ள கொழுப்பை அது கரைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். குடிப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், குளிசையோடு சேர்ந்து சீனியை அதிகமாக இறக்கிவிடக் கூடும்.

11. சோதனை முடிவை வாசிக்கும்போது ஒரு கவனம். நம் பெண்களில் இரத்தம் குறைந்தவர்கள் ஏராளம். இரும்புச்சத்துக் குறைவிருந்தால் எச்.பி.ஏ.வன்.சி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபினையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். ஆறு கிலோ குறைத்து, காலைச் சீனி 110இல் நிற்க, எச்.பி.ஏ.வன்.சி மட்டும் இறங்கவில்லை என்று மனம் உடைந்து பழைய ரொட்டிக்கே திரும்பின ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

12. கட்டுக்குள் வந்த பிறகும் கார்டைக் கிழிக்காதீர்கள். டைரெக்ட் ஆய்விலேயே ஒரு வருஷத்தில் 46 ஆக இருந்தது இரண்டாவது வருஷ முடிவில் 36 ஆகிவிட்டது. எடை ஏறியவர்களுக்கு நோயும் திரும்பியது. இரண்டு கிலோ கூடியதும் ஆளைத் திரும்பப் பிடித்துச் சாப்பாட்டைக் கட்டினார்கள் அங்கே. உங்களுக்கு அந்த நாடாதான் காவல். தீபாவளி, தேர்த் திருவிழா, கல்யாணம் என்று போய்வந்த மாதத்தில் கட்டாயம் சுற்றிப் பாருங்கள். சீனி நல்லாயிருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.வன்.சி, கண், சிறுநீர், கால் நாலையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கியதும் விரலிடுக்கில் அட்டைக் கடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக் கழுவித் துடையுங்கள். மரத்துப்போன காலுக்கு அட்டை கடித்ததும் தெரியாது, புண்ணானதும் தெரியாது.

13. வீட்டில் ஒருவருக்குத் தனிச் சட்டி வைத்தால் இரண்டு கிழமைகூடத் தாங்காது. எல்லோருக்கும் ஒரே சட்டியாக இருக்கட்டும், வளர்கிற பிள்ளைகளுக்கு மட்டும் சோறும் முட்டையும் கூட வையுங்கள். உங்களுக்கு இருந்தால் உங்கள் அண்ணன் தம்பிக்கும், அக்கா தங்கச்சிக்கும் இருக்க வாய்ப்புண்டு. பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி ஏறிய பெண்களுக்கும் அப்படியே. முப்பத்தைந்து தாண்டியவர்களை அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். எடை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். காலையில் சாப்பிடாமல் போக வேண்டும். தேத்தண்ணியும் குடிக்கக்கூடாது என்று மாமாவுக்கு முதல்நாளே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் ஒன்று அடித்துவிட்டுத்தான் வருவார்.