சென்னப்பர் எந்த மாநிலத்துக்காரர்?

ஆகஸ்ட் 22 நெருங்கினால் போதும், சென்னை நாள் வாழ்த்தோடு ஒரு சண்டையும் செல்போனுக்கு வந்து சேரும். சென்னை தெலுங்கர் ஊர் என்பது ஒரு கட்சி. கிடையவே கிடையாது, தமிழர் ஊர் என்பது இன்னொரு கட்சி. இந்த வழக்கில் அடிபடுவதெல்லாம் ஜார்ஜ் கோட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி. உள்ளபடி பார்த்தால் இதில் முதலில் வாய் திறக்க வேண்டியவர்கள் பூந்தமல்லிக்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே இடம் கிடைக்கக் காரணமான அண்ணன் தம்பிகளில் ஒருவர் அதிகாரம் செலுத்தியது பூந்தமல்லியில் இருந்துதான்.

நம்பிக்கை: மெட்ராஸ் வெள்ளைக்காரன் வைத்த பெயர். சென்னை அதற்கும் முந்திய பழந்தமிழ்ப் பெயர்.

கிட்டத்தட்ட தலைகீழ். 1639இல் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே இடத்துக்காக வாங்கிய கவுலிலேயே, அதாவது உரிமைப் பத்திரத்திலேயே, மதராஸ்பட்டினம் என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. அவர் வரும்போதே அந்தக் கரையோரக் கிராமத்துக்கு அதுதான் பெயர். சென்னப்பட்டினம் அதன் பிறகு வந்தது.

விஜயநகரத்தின் கடைசி வம்சத்தார் அப்போது சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்தபடி ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே இந்தக் கரையோரத்தைப் பார்த்துக்கொண்டவர் தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர். வெங்கடப்ப நாயக்கர் என்றும் சொல்வார்கள். அவர் இருந்தது வந்தவாசியில். அவருடைய உடன்பிறப்பு அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில். இவர்களின் தகப்பனார்தான் சென்னப்ப நாயக்கர். புதுப் பட்டினத்துக்கு அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினார்கள், வைத்தார்கள். இன்னொரு உடன்பிறப்பான அங்க பூபாலர் ‘உஷா பரிணயம்’ என்று தெலுங்கில் ஒரு காவியம் எழுதியிருக்கிறார். பழவேற்காட்டில் இருந்த டச்சுக்காரர்களும் மயிலாப்பூரில் இருந்த போர்ச்சுகீசியரும் ஓயாமல் மோதிக்கொண்டார்கள் என்றும், நடுவில் அய்யப்பர் சென்னப்பட்டினத்தை எழுப்பினார் என்றும் அதில் வருகிறது.

சென்னகேசவப் பெருமாள் கோயிலால் வந்த பெயர் என்பாரும் உண்டு. அந்தக் கோயிலுக்குக் கிடைக்கும் சாசனங்கள் 1640களின் நடுவில்தான் தொடங்குகின்றன. இதைவிட வேடிக்கை 1645இல் நடந்தது. புதிதாகப் பட்டத்துக்கு வந்த ஸ்ரீரங்கராயர், ஆங்கிலேயருக்கு மறுபடி கவுல் கொடுத்தபோது ஊரைத் தன் பெயரால் ஸ்ரீரங்கராயபட்டினம் என்றே குறித்தார். பேரரசர் பெயர் ஒட்டவில்லை, கீழே இருந்த நாயக்கரின் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டது. 1996இல் தமிழக அரசு மெட்ராஸை எடுத்துவிட்டு எல்லா மொழியிலும் சென்னை என்று ஆக்கியபோது அதிகாரபூர்வமானதும் இந்தப் பெயர்தான்.

(கவுல் கொடுத்த தேதியே வழக்கில் இருக்கிறது. படிகளில் ஜூலை 22 என்று இருக்கிறது. டே மதராஸ்பட்டினத்துக்கு வந்ததே ஜூலை 27இல்தான் என்பதால் ஆகஸ்ட் 22 என்று கொண்டாடுகிறோம். வாழ்த்து அனுப்புகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்.)

நம்பிக்கை: அப்படியானால் ஊரை உண்டாக்கியவர்கள் தெலுங்கர்கள். ஊரும் அவர்களுடையது.

தாமர்லா குடும்பம் தெலுங்குக் குடும்பம்தான். காளஹஸ்தி ஜமீன்தார்கள் அந்த வழி வந்தவர்கள். இதை மறுப்பதற்காகவே நம் பக்கத்தில் சிலர் ‘தாமல் சென்னப்பர்’ என்று எழுதி, காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் தாமல் கிராமத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். குடும்பத்துக்காரரே தெலுங்கில் காவியம் எழுதி வைத்திருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை.

ஆனால் அங்கிருந்து ‘ஊர் எங்களுடையது’ என்று தாவுவதற்கும் வழியில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சென்னப்பருக்கு எண்ணூறு வருஷம் முந்தியது. திருவொற்றியூரில் சோழர் கல்வெட்டுகள் வரிசையாக நிற்கின்றன. ராமானுஜரின் குருமார்களில் ஒருவரான திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் பிறந்தவர். அய்யப்ப நாயக்கர் அந்த ஊருக்கு வந்தபோது நம்பியின் கதைக்கே ஐந்நூறு வயது கடந்திருந்தது. நாயக்கர் சகோதரர்கள் ஊரைப் படைக்கவில்லை. தங்கள் ஆளுகையில் இருந்த ஒரு கடற்கரைத் துண்டில் வியாபாரத்துக்கு இடம் விட்டார்கள், அவ்வளவுதான்.

எதற்காக விட்டார்கள் என்பதை டே மசூலிப்பட்டினத்துக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. வியாபாரிகள் வந்தால் நாடு செழிக்கும் என்பது நாயக்கரின் முதல் கணக்கு. காசு கொடுத்தாலும் பரவாயில்லை, பாரசீகத்திலிருந்து நல்ல குதிரை வேண்டும் என்பது அடுத்தது. கம்பெனிக் கப்பலில் வருஷா வருஷம் ஆள் அனுப்பி வங்காளத்திலிருந்து வல்லூறு, குரங்கு, கிளி வாங்கிவர வேண்டும் என்பது மூன்றாவது. கடைசியாக, வாலாட்டும் அக்கம்பக்கத்து நாயக்கர்கள் மேலே பாய்ந்தால் ஒதுங்கிக்கொள்ள ஒரு கோட்டை. கோட்டையை நாயக்கர் தன் செலவில் கட்டித் தருவார் என்று ஆங்கிலேயர் நம்பினார்கள். அந்தக் காசு வரவேயில்லை. குதிரை, கிளி, வரி, பயம். 1639இல் பூந்தமல்லியிலும் வந்தவாசியிலும் பேசப்பட்டது இவைதான்.

அப்போது சண்டையே இல்லாத ஊரா இது? இருந்தது, வேறு கோட்டில் இருந்தது. வலங்கை, இடங்கை என்று இரண்டு சாதி அணி. எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதற்கே அடிதடி. 1707இல், தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது, ஒரு சாரார் ஊரையே விட்டுச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துவிட்டார்கள். இரண்டு அணியிலும் தெலுங்கு பேசியவர்களும் இருந்தார்கள், தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களில் யாரையாவது எழுப்பி ‘நீ தமிழ்நாடா ஆந்திராவா’ என்று கேட்டால், எந்தத் தெரு வழியாகப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

நம்பிக்கை: ராதாகிருஷ்ணன் தமிழர். இல்லை, ஆந்திரர்.

ஆகஸ்ட் 22 முடிந்து இரண்டு வாரத்தில் ஆசிரியர் தினம் வரும், அடுத்த சண்டை ஆரம்பிக்கும். ஆவடியில் திருத்தணி ரயில் ஏறினால் அவர் பிறந்த ஊரில் இறங்கலாம். ஆனால் அவர் பிறந்த 1888 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாடும் இல்லை, ஆந்திராவும் இல்லை. திருத்தணி அப்போது மதராஸ் மாகாணம், வட ஆர்க்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழார் போன்றவர்களும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். எல்லைத் தகராறில் வந்த படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று மதராஸ் மாநிலத்துக்குத் திரும்பியது. அன்றைக்கு ராதாகிருஷ்ணன் தில்லியில் குடியரசுத் துணைத்தலைவர்.

வீட்டு மொழி தெலுங்கு. சர்வேபள்ளி என்ற குடும்பப் பெயர் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தின் பெயர். பள்ளிப்படிப்பு திருத்தணி, திருப்பதி. பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி, மதராஸ் கிறித்தவக் கல்லூரி. 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கடைசிக் காலம் மயிலாப்பூரில். 1975இல் காலமானதும் சென்னையில்தான். இதில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டால் ஒரு கட்சி ஜெயிக்கும், மறு பாதியை எடுத்தால் மறு கட்சி. முழுதாக எடுத்துக்கொண்டால் யாரும் ஜெயிக்க மாட்டார்கள். அதனால்தான் யாரும் முழுதாக எடுப்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள அம்பத்தூர்க்காரர்களுக்குக் கஷ்டம் இருக்கக் கூடாது. 1997க்கு முன் செங்கல்பட்டு மாவட்டம், பிறகு திருவள்ளூர், 2018 முதல் சென்னை மாவட்டம். ரேஷன் கார்டில் மாவட்டம் மாறிக்கொண்டே வந்தது, வீட்டு வாசல்படி இருந்த இடத்தில்தான் இருந்தது. திருத்தணிக்கு நேர்ந்ததும் அதுதான். மாநிலக் கோடு என்பதால் சத்தம் கூட.

படாஸ்கர் தீர்ப்பில் நாம் வாங்கியது மட்டும்தான் இங்கே நினைவில் நிற்கிறது. கொடுத்ததும் உண்டு. பொன்னேரித் தாலுகாவில் இருந்த சத்தியவேடு அன்று ஆந்திராவுக்குப் போனது. 1950இல் சத்தியவேட்டில் பிறந்த ஒருவர் நாளைக்குப் பெரிய ஆளாகிவிட்டால் இந்தச் சண்டை முழுதும் எதிர்த்திசையில் நடக்கும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. நிக்கோலா டெஸ்லா 1856இல் ஸ்மில்யான் என்ற கிராமத்தில் பிறந்தார். அன்றைக்கு அது ஆஸ்திரியப் பேரரசு, இன்றைக்குக் குரோஷியா. அப்பா செர்பிய ஆர்த்தோடாக்ஸ் பாதிரியார். 1891இல் டெஸ்லா அமெரிக்கக் குடிமகன் ஆனார். செர்பியா நூறு தினார் நோட்டில் அவர் படத்தைப் போட்டது. 2023இல் யூரோவுக்கு மாறிய குரோஷியா தன் சில்லறைக் காசில் போட்டது. போடப் போகிறோம் என்று அறிவித்தபோதே செர்பிய மத்திய வங்கி முகம் சுளித்தது. மின்சாரத்தில் எந்த மொழி ஓடுகிறது என்று இருவரும் சொல்லவில்லை.

நம்பிக்கை: ஆந்திராவுக்கென்று மதராஸைக் கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள்.

ஆந்திர மாநிலத்துக்காக உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று மயிலாப்பூரில் உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலு, 1901இல் பிறந்ததே மதராஸ் ஜார்ஜ் டவுனில். குடும்பம் நெல்லூர்ப் பக்கத்தது. நகரத்தை விட்டுக் கொடுத்தால்தான் ஆந்திர மாநிலம் என்று நேரு, படேல், பட்டாபி குழு 1949லேயே சொல்லியிருந்தது. கடைசியில் கர்னூலைத் தலைநகராக வைத்துத்தான் அந்த மாநிலம் பிறந்தது. நகரம் தமிழ்நாட்டுக்குத்தான் நியாயம் என்பது என் கட்சி. சுற்றியுள்ள கிராமங்களின் மொழியும் கல்வெட்டும் அதைத் தாங்கும். அதற்காக, இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே இறந்த ஒருவரை வந்தேறி ஆக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. 2008 முதல் நெல்லூர் மாவட்டத்தின் பெயரில் அவர் இருக்கிறார். பிறந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது.

நம்பிக்கை: தஞ்சையைத் தெலுங்கு மன்னர்கள் ஆண்டதால்தான் தியாகராஜர் தெலுங்கில் பாடினார். இங்கே அது திணிப்பு.

தஞ்சையில் நாயக்கர் ஆட்சி 1670களிலேயே முடிந்துவிட்டது. தியாகராஜர் திருவாரூரில் பிறந்த 1767இல் அரண்மனையில் இருந்தவர்கள் மராட்டியர்கள். ஆளுகிறவர் மொழியில் பாடுவது என்று அவர் இருந்திருந்தால் மராத்தியில் அல்லவா பாடியிருக்க வேண்டும்? பாடியது வீட்டில் பேசிய மொழியில், பல தலைமுறையாகக் காவிரிக் கரையில் குடியிருந்த ஒரு வீட்டு மொழியில். தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் உரிய இடம் வேண்டும் என்று 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்தின் கோரிக்கை நியாயமானது. அதைச் சொல்ல தியாகராஜரை அயலார் ஆக்கத் தேவையில்லை.

போரூரிலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் கோவூர் இருக்கிறது. இப்போது புதன் தலம் என்று கூட்டம் வருகிறது. அந்த ஊர் சுந்தரேச முதலியார் அழைத்து தியாகராஜர் அங்கே வந்து தங்கியிருக்கிறார். ராமனையே பாடியவர், அந்தக் கோயில் சுந்தரேஸ்வரர் மேல் ஐந்து கீர்த்தனைகள் செய்தார். கோவூர்ப் பஞ்சரத்தினம் என்பது அதுதான். பந்துவராளியில் வரும் ‘சம்போ மஹாதேவா’வைச் சபாக்களில் கேட்டிருப்பீர்கள். அழைத்தவர் தமிழர், சாமி சிவன், ஊர் சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்குப் பக்கம், பாட்டு பெரும்பாலும் தெலுங்கு.

அவர் புறப்பட்டபோது முதலியார், சொன்னால் வாங்க மாட்டார் என்று தெரிந்து, பல்லக்கில் ரகசியமாகப் பொன் வைத்து அனுப்பினார் என்றும், நாகலாபுரத்துக் காட்டில் திருடர்கள் மறித்தபோது இரண்டு வில்லாளிகள் வந்து துரத்தினார்கள் என்றும் சங்கீதக்காரர்கள் கதை சொல்வார்கள். நாகலாபுரம் இன்றைக்கு ஆந்திராவில், ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் வரும். கதையில் திருடர்கள் உண்டு, பொன் உண்டு, ராம லட்சுமணர் உண்டு. செக்போஸ்ட் மட்டும் இல்லை.