வேகமும் உறுதியும்: தாய்ப்பலகைகளை ஒப்பிடும் முறை

ஒரு கருவியின் சிறப்பை அதன் வேகங்கொண்டே அளந்துவிடும் வழக்கம் இக்காலத்தில் எங்கும் பரவியுளது. கணினி வாங்குவோர் இரண்டு தாய்ப்பலகைகளை அருகருகே வைத்து, எதனிற் சோதனைப் புள்ளி மிகுந்து வந்ததென்று நோக்கி, மிகுந்ததையே மேலானதெனக் கொள்கின்றனர். இம்முடிபு பலவிடத்தும் பிழைபடுகின்றது. ஒரே முறைவழியாக்கி ஒரு பலகையில் வேகமாகவும் மற்றையதில் மெதுவாகவும் இயங்குமாயின், அவ்வேகம் என்ன விலைகொடுத்துப் பெறப்பட்டது என்பதை நாம் முதலில் ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய அடிப்படைகளை மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எடுத்துரைக்க முயல்வோம்.

தாய்ப்பலகையின் தொழில்

முறைவழியாக்கி, நினைவகம், வரைவியல் அட்டை, சேமிப்பகம் என்பன தனித்தனியே நின்று பயன்தரமாட்டா. அவற்றைத் தாங்கி நிற்றல், அவற்றிடையே தரவுகள் செல்லும் வழிகளை அமைத்தல், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மின்வலுவை அளந்து வழங்கல் என்னும் மூன்றும் தாய்ப்பலகையின் தொழில்களாம். இன்று பெருவழக்கிலுள்ள ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுமுறையை இன்ரெல் நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் வகுத்தது. நீளம் 305 மில்லிமீற்றரும் அகலம் 244 மில்லிமீற்றருமான அச்சிறு பரப்பிலே, படைமேற் படையாக அமைந்த செப்புத் தடங்கள் இம்மூன்று தொழில்களையும் நிறைவேற்றுகின்றன.

அன்று பலகைகள் வேறுபட்டமை

முறைவழியாக்கியின் மீடிறன், தாய்ப்பலகை வழங்கும் அடிப்படை மீடிறனை ஒரு பெருக்கெண்ணாற் பெருக்க வருவது. அம்மீடிறனை, ஆக்கியோர் குறித்த அளவுக்கு மேலாக உயர்த்தி இயக்குதலே மிகைவேக இயக்கம் எனப்படும். இதற்கு 1998 ஆம் ஆண்டில் வெளிவந்த செலரோன் 300ஏ என்னும் முறைவழியாக்கி சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் பெருக்கெண் 4.5, மாற்றமுடியாதவாறு பூட்டப்பட்டது. அடிப்படை மீடிறன் 66 மெகாஹேட்ஸ் ஆகையால் அது 300 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதே ஆண்டில் வெளிவந்த இன்ரெல் 440 பி.எக்ஸ். சில்லுத்தொகுதியைக் கொண்ட பலகைகள் 100 மெகாஹேட்ஸ் அடிப்படை மீடிறனை வழங்கின. அவற்றிற் பொருத்தியபோது அச்சிறு முறைவழியாக்கிகளுட் பல 450 மெகாஹேட்ஸ் வேகத்தில் உறுதியாக இயங்கின. விலைகுறைந்த பொருள் விலைமிகுந்த பொருளோடு போட்டியிட்டமையால், பலகைகளை ஒப்பிடும் ஆர்வம் உலகெங்கும் பெருகலாயிற்று.

ஒரே சில்லுத்தொகுதியைக் கொண்ட பலகைகளும் ஒருதன்மையனவாக இருக்கவில்லை. ஏசூஸ் பி.2.பி. என்னும் பலகையில் மீடிறனை மாற்றுவதற்குப் பலகையின்மீதுள்ள சிறு இணைப்புமூடிகளைக் கையால் இடம்மாற்ற வேண்டியிருந்தது. அபிற் பி.எச்.6 என்னும் பலகையிலோ மீடிறனையும் வோல்ற்றளவையும் பயோஸ் திரையிலேயே அமைக்கலாயிற்று. வேகத்தில் ஒத்த பலகைகளுட் பின்னையது மிகைவேக விருப்பினரிடையே புகழ்பெற்றமைக்கு இவ்வசதி பெருங்காரணமாகும்.

பின்னர் 133 மெகாஹேட்ஸ் அடிப்படை மீடிறனை வேண்டும் முறைவழியாக்கிகள் வந்தபோது ஒரு நுண்ணிய சிக்கல் தோன்றியது. 440 பி.எக்ஸ். பலகைகளை அவ்வளவுக்கு உயர்த்தியவிடத்து, பி.சி.ஐ. வழிக்கு அம்மீடிறனை நான்கால் வகுத்து உரிய 33 மெகாஹேட்ஸைப் பெறமுடிந்தது. ஏ.ஜி.பி. என்னும் வரைவியல் வழிக்கோ முழுமீடிறன் அல்லது அதன் மூன்றிலிரண்டு பங்கு என்னும் இரு தெரிவுகளே இருந்தன. ஆகவே 66 மெகாஹேட்ஸில் இயங்கவேண்டிய வரைவியல் அட்டை ஏறத்தாழ 89 மெகாஹேட்ஸில் இயங்க நேர்ந்தது. சில அட்டைகள் அதனைத் தாங்கின, சில தாங்கவில்லை. வயா நிறுவனத்தின் அப்பலோ புரோ 133ஏ சில்லுத்தொகுதி 133 மெகாஹேட்ஸை விதிக்குட்பட்டே வழங்கியது. எனினும் நினைவக வேகத்தில் அது பி.எக்ஸ். பலகைக்குப் பின்னிட்டது. விதியை மீறி வேகமாக இயங்குவதா, விதிக்குள் நின்று சற்றே மெதுவாக இயங்குவதா மேலானது? வெறும் புள்ளிகளை மாத்திரம் நோக்குவோர்க்கு இவ்வினா தோன்றவே மாட்டாது.

அக்காலத்தில் நினைவகத்தை ஆளும் பகுதி தாய்ப்பலகையின் சில்லுத்தொகுதியில் இருந்தது. ஆதலின் பலகைக்குப் பலகை வேகம் உண்மையாகவே வேறுபட்டது. 2003 ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனமும், 2008 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனமும் தத்தம் மேசைக்கணினிகளில் அப்பகுதியை முறைவழியாக்கியினுள்ளேயே அமைத்தன. எனவே இன்று ஒரே முறைவழியாக்கியும், ஒரே நினைவகமும், ஒரே அமைப்புகளும் கொண்ட இரண்டு பலகைகளிடையே வேக வேற்றுமை மிகச் சிறிது. பெரிய வேற்றுமை தோன்றுமிடத்து, பெரும்பாலும் அமைப்புகளே ஒத்தில்லை என்பது பொருள்.

வலு வழங்கும் பகுதி

அவ்வாறாயின் இன்றைய பலகைகள் எதனில் வேறுபடுகின்றன? முதன்மையாக வலு வழங்கும் திறத்திலாம். முறைவழியாக்கிக்கென மின்வழங்கி அனுப்புவது 12 வோல்ற்று. முறைவழியாக்கி வேண்டுவதோ 1 வோல்ற்றை அடுத்த சிற்றளவு. 125 வாற்று வலுவை 1.25 வோல்ற்றிற் பெறும் முறைவழியாக்கிக்குள் 100 அம்பியர் மின்னோட்டம் பாய்கின்றது. 230 வோல்ற்றில் 2300 வாற்றைப் பெறும் மின்கேத்தலிற் பாய்வது 10 அம்பியரே என்பதை நோக்குக. அதனினும் பத்துமடங்கான ஓட்டம், கைவிரல் நகங்களினும் சிறிதே பெரிதான ஒரு சில்லை நோக்கிப் பாய்கின்றது.

தடையில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது என்பதை மாணவர் அறிவர். 100 அம்பியரை ஒரே கிளையிற் செலுத்தினால் வர்க்கம் 10,000. அதனை ஒத்த தடையுடைய ஐந்து கிளைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 20 அம்பியர், வர்க்கம் 400, ஐந்துக்குமாக 2,000. வெப்பம் ஐந்திலொன்றாகின்றது. அவத்தைகள் எனப்படும் இக்கிளைகளை மிகுதியாக அமைப்பதன் பயன் இதுவாம். ஆயினும் எண்ணிக்கை ஒன்றே போதிய சான்றாகாது. பதினாறு அவத்தைகள் என விளம்பரப்படுத்தப்படுவனவற்றுட் சில, எட்டுக் கட்டுப்பாட்டுக் குறிகளை இரண்டிரண்டு கிளைகள் பகிர்ந்துகொள்வனவாம். திரான்சிற்றர்கள் தாங்கும் மின்னோட்டம், அவற்றின் மேலுள்ள வெப்பந்தணிக்கும் உலோகத்தின் பரப்பு, முழுச்சுமையில் அளந்த வெப்பநிலை ஆகியன எண்ணிக்கையினும் நம்பத்தக்கன.

கொள்ளளவிகளும் கருதற்பாலன. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தரங்குறைந்த திரவ மின்பகுபொருள் கொண்ட கொள்ளளவிகள் பல நிறுவனங்களின் பலகைகளில் வீங்கி வெடித்தன. இன்றைய நல்ல பலகைகள் திண்மப் பல்பகுதியக் கொள்ளளவிகளைக் கொண்டன.

வசதிகள்

வசதிகளைப் பொறுத்தவரை விரித்துரைக்க வேண்டுவது அதிகமில்லை. ஒரே முறைவழியாக்கியை ஏற்கும் பலகைகளுள்ளும், சில்லுத்தொகுதிக்கேற்ப இணைப்புவாய்கள் கூடியும் குறைந்தும் வரும். 2022 ஆம் ஆண்டில் வந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 பலகைகளை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்.670 என்பது பி.650 இலுள்ள அதே சில்லை இரண்டாகக் கொண்டது. அதனால் இணைப்புகள் பெருகுமேயன்றி முறைவழியாக்கி விரைவுபடமாட்டாது. பி.650 பலகையிலும் மிகைவேக இயக்கம் இயலும், ஏ.620 பலகையில் முறைவழியாக்கியை அவ்வாறு இயக்க இயலாது. பயன்படாத செருகுவாய்க்குப் பணங்கொடுத்தல் வீண். எனினும் நினைவகம் செருகும் வாய்களில் ஒரு நுட்பம் உண்டு: நான்கு வாய்கள் கொண்டவற்றிலும் இரண்டே வாய்கள் கொண்ட பலகைகள் பெரும்பாலும் மிக்க நினைவக வேகத்தைத் தாங்குகின்றன. தடங்கள் குறுகியனவாயும் கிளையற்றனவாயும் இருத்தலே அதற்குக் காரணம்.

மிகைவேகமும் உறுதிநிலையும்

முறைவழியாக்கி இயங்குகையிற் செலவிடும் வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் விகிதசமமாகின்றது. மீடிறனை உயர்த்தினால் உறுதியின்பொருட்டு வோல்ற்றளவையும் உயர்த்த நேரும். இரண்டையும் நூற்றுக்குப் பத்து உயர்த்தினால் வலு 1.1 இன் மூன்றாம் அடுக்காக, அதாவது ஏறத்தாழ 1.33 மடங்காகும். நூற்றுக்குப் பத்து வேகத்தின்பொருட்டு நூற்றுக்கு முப்பத்துமூன்று வலுவைக் கொடுக்கின்றோம். கிடைக்கும் வேகமும் பல வேலைகளில் அப்பத்தினுங் குறைவாகவே இருக்கும்.

இன்னும், 100 அம்பியர் பாயும் வழியில் ஓர் ஓமின் ஆயிரத்திலொரு பங்கு தடை இருப்பினும் 0.1 வோல்ற்று குறைந்துவிடும். பலகைகள் இக்குறைவை ஈடுசெய்யும் அமைப்பைக் கொண்டன. ஈடு குறைந்தால் சுமையின்போது கணக்குப் பிழைக்கும். ஈடு மிகுந்தால் சுமை திடீரென நீங்கும்போது வோல்ற்றளவு மேலெழுந்து முறைவழியாக்கியை வருத்தும். இவ்விரண்டிற்கும் இடையே நிலைநிற்கும் பலகையே உறுதியான பலகை.

கணினி இயங்கத் தொடங்கிவிட்டமை உறுதிக்குச் சான்றாகாது. மேர்சென் பகாவெண்களைத் தேடும்பொருட்டு 1996 ஆம் ஆண்டில் யோர்ஜ் வோல்ற்மன் தொடங்கிய முயற்சியில் வழங்கும் பிரைம்95 என்னும் மென்பொருள் உறுதிச்சோதனைக்கும் பயன்படுகின்றது. அது பெருங்கணக்குகளைச் செய்து, விடைகளை முன்னரே அறிந்த சரியான விடைகளோடு ஒப்பிடுகின்றது. ஓரிலக்கம் பிழைத்தாலும் அறிவித்துவிடும். நமது அன்றாட மென்பொருள்களில் அத்தகைய காவல் அரிது. உறுதியற்ற கணினி நின்றுபோனால் நாம் அறிவோம்; நின்றுபோகாது, மாணவனொருவனின் புள்ளியையோ கணக்கேட்டின் தொகையையோ மாற்றி எழுதினால் அறியமாட்டோம். அஞ்சத்தக்கது இப்பின்னைய நிலையே.

அண்மையில் நிகழ்ந்த இரண்டு

மிகைவேகத்தை விரும்பாதோர்க்கு இவை வேண்டா எனச் சிலர் கருதலாம். அவ்வாறன்மையை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. 2023 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், றைசன் 7000 வரிசையின் எக்ஸ்.3டி முறைவழியாக்கிகள் சில பொருத்துவாயோடு எரிந்து கெட்டன. அதிவேக நினைவக அமைப்பைத் தெரிந்தபோது, முறைவழியாக்கியின் எஸ்.ஓ.சி. என்னும் பகுதிக்குப் பலகைகள் மிகுந்த வோல்ற்றளவை வழங்கியமை ஆராயப்பட்டது. ஏ.எம்.டி. நிறுவனம் அதனை 1.3 வோல்ற்றுக்கு மேற்செல்லாதவாறு புதிய பயோஸ் மூலம் வரையறுத்தது.

2024 ஆம் ஆண்டில், இன்ரெல் 13 ஆம் 14 ஆம் தலைமுறை மேசைக்கணினி முறைவழியாக்கிகள் பல நிலைகுலைந்தன. இந்நிறுவனம் அவ்வாண்டு செப்டெம்பரில் நான்கு காரணங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, தாய்ப்பலகைகளின் வலு அமைப்புகள் நிறுவனத்தின் அறிவுரையை மீறியமை. ஏனைய மூன்றும் முறைவழியாக்கியின் நுண்ணிரலைச் சார்ந்தவை. கோர் ஐ9-13900கே என்னும் முறைவழியாக்கிக்குக் குறித்த உச்சவலு 253 வாற்று ஆயினும், பல பலகைகள் அவ்வெல்லையை நீக்கியே விற்பனைக்கு வந்தன. எல்லையை நீக்கிய பலகை சோதனையில் முந்தியது; முந்தியது விலைப்பட்டது. நிறுவனம் திருத்தங்களை வழங்கி உத்தரவாதத்தையும் இரண்டாண்டுகள் நீட்டியது. எனினும் முன்னரே கேடுற்ற முறைவழியாக்கியைத் திருத்தம் மீட்காது. ஓர் அமைப்பையேனும் தொடாத பயனாளரும் தம்மையறியாமலே எல்லைகடந்து இயக்கியோராயினர்.

ஒப்பிடும் முறை

ஆகவே ஒப்பிடுவோர் கைக்கொள்ளவேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, முறைவழியாக்கி, நினைவகம், குளிராக்கி, அறை வெப்பநிலை என்பன ஒத்திருத்தல் வேண்டும். 22 பாகை அறையிற் செய்த சோதனையை நம் நாட்டின் 32 பாகை அறைக்கு அப்படியே பொருத்தலாகாது. உறுப்புகளின் வெப்பநிலையும் ஏறத்தாழ அப்பத்துப் பாகை உயரும்.

இரண்டாவது, பயோஸின் தன்னியல்பான அமைப்பை நம்பாது, வலு எல்லைகளையும் அடிப்படை மீடிறனையும் நாமே எழுதி அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு சோதனையையும் பலமுறை செய்தல் வேண்டும். கணக்குக்காக ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு பலகை 98, 100, 102 எனவும், மற்றையது 99, 101, 103 எனவும் புள்ளி பெறின், சராசரிகள் 100, 101. வேற்றுமை ஒன்று, ஒவ்வொன்றினுள்ளும் உள்ள சிதறலோ நான்கு. இதனைக்கொண்டு ஒன்றை மேலானதெனல் ஏலாது.

நான்காவது, புள்ளியோடு வலுவையும் அளத்தல் வேண்டும். மேற்கூறிய முதற்பலகை 125 வாற்றும், இரண்டாவது 160 வாற்றும் செலவிடின், ஒரு வாற்றுக்குரிய பயன் முறையே 0.80, 0.63 ஆகும். வென்றதெது என்பது இப்போது தெளிவு.

ஐந்தாவது, பல மணிநேர முழுச்சுமையின் பின்னர் வலு வழங்கும் பகுதியின் வெப்பநிலையையும், கணக்குப் பிழையின்மையையும் நோக்குதல் வேண்டும். நிறுவனம் பயோஸ் திருத்தங்களை எத்துணையாண்டு தொடர்ந்து வழங்குகின்றது என்பதையும் உசாவுதல் நன்று.

அளத்தல் என்பது எண்களைப் பெறுவதோடு முடிவதன்று. எண் எந்நிலையிற் பெறப்பட்டது என்பதைக் கூறாதவிடத்து அவ்வெண்ணுக்குப் பொருளில்லை. பௌதிக ஆய்வுகூடத்தில் முதல்நாளிற் கற்கும் இப்பாடமே கடையிற் பலகை வாங்குமிடத்தும் நமக்குத் துணையாகின்றது. மிகைவேகத்தை விரும்பும் இளைஞர் அதனைச் செய்க. எல்லையை அறிந்து, அளந்து, தம் கையாற் செய்க. பிறர் நம்மைக் கேளாது எல்லையைக் கடப்பித்து, அதனைச் சிறப்பென்று விற்பதற்கு மாத்திரம் இடங்கொடாதிருப்போமாக.